நுன்கா முன்னால் வந்தால் ‘நோ’ எங்கே போகும்? ஸ்பானிஷில் ‘ஒருநாளும் இல்லை’, ‘எப்பவும் இல்லை’, ‘அரிதாகத்தான்’

#1 பம்பலப்பிட்டி_மழை

எல்லாருக்கும் வணக்கம். ஸ்பானிஷ் ஏ2 மட்டத்தில் படிக்கிறேன். இங்கத்தைய வழக்கப்படி உதாரணங்களைத் தமிழ் எழுத்திலேயே போடுறேன். ‘நான் ஒருநாளும் ரயிலில் போறேல்லை’ என்பதை மூன்று விதமாக எழுதிக் குடுத்தேன்:

நோ தோமோ நுன்கா எல் த்ரென்.
நுன்கா தோமோ எல் த்ரென்.
நுன்கா நோ தோமோ எல் த்ரென்.

முதல் இரண்டும் சரி, மூன்றாவது பிழை என்று திரும்பி வந்தது. முதலாவதிலும் ‘நோ’ (இல்லை), ‘நுன்கா’ (ஒருநாளும்) இரண்டும் இருக்குத்தானே? அது சரியென்றால் மூன்றாவது எப்படிப் பிழை? மற்றது, ‘எப்பவும் போறேல்லை’ என்பதற்கு ‘சியெம்ப்ரே’ (எப்பவும்) சேர்த்து ‘சியெம்ப்ரே நோ’ போடலாமா?

#2 கொட்டாஞ்சேனை_இலக்கணம்

தங்கச்சி, சொற்களை எண்ணாதீங்க, இடத்தைப் பாருங்க.

தமிழில் எதிர்மறை வினையிலேயே ஒட்டிக்கொண்டு வரும்: போறேல்லை, போகமாட்டேன், போகாது. ‘ஒருநாளும்’ முன்னுக்கு வந்தாலும் பின்னுக்கு வந்தாலும் வினை எதிர்மறையாகத்தான் முடியும். ஸ்பானிஷ் வினைக்கு அந்த வசதி கிடையாது. தோமோ எப்போதும் தோமோதான். அதனால் வினை வருமுன்பே ‘இது எதிர்மறை வாக்கியம்’ என்று காட்ட ஒரு சொல் வேண்டும். நுன்கா முன்னால் வந்தால் அந்த வேலையை அதுவே செய்துவிடும், ‘நோ’ தேவைப்படாது. நுன்கா பின்னால் போனால் வினைக்கு முன்னால் ஒன்றும் இல்லை, அப்போது ‘நோ’ கட்டாயம்.

உங்கள் மூன்றாவது வாக்கியத்தில் நுன்கா ஏற்கெனவே முன்னால் நிற்கிறது, அதன்மேல் ‘நோ’வும் வந்திருக்கிறது. ஏரணப்படி பார்த்தால் அதற்கு ‘ரயிலில் போகாமல் ஒருநாளும் இருந்ததில்லை’ என்ற நேர்மாறான பொருள்தான் வரும். ஆனால் கேட்பவர் அவ்வளவு யோசிக்கமாட்டார், பிழை என்றுதான் எடுப்பார்.

‘இரண்டு எதிர்மறை சேர்ந்தால் நேர்மறை’ என்ற கணக்கை இங்கே கொண்டுவராதீங்க. நோ தீசே நுன்கா நாதா ஆ நாதியே: ‘ஒருநாளும் ஒருத்தருக்கும் ஒன்றும் சொல்லமாட்டார்’. நான்கு எதிர்மறைச் சொல், பொருள் ஒரே எதிர்மறை. இது பேச்சு வழக்கின் சோம்பலும் இல்லை. ஸ்பானிஷ் அகாடமிகள் 2009 இல் வெளியிட்ட பெரிய இலக்கணமும் இதை ஒழுங்கான அமைப்பு என்றே விளக்குகிறது. நுன்காவை முன்னுக்குக் கொண்டுவந்தால் ‘நோ’ மட்டும் விழும், மற்றவை இருந்த இடத்திலேயே இருக்கும்: நுன்கா தீசே நாதா ஆ நாதியே.

#3 காலி_வீதி_100

கொழும்பில் படிக்கிறவர்களுக்கு இதில் இரண்டு பக்கத்தாலும் இடி. தமிழில் யோசித்தால் ‘நுன்கா நோ தோமோ’ வரும். ஆங்கிலத்தில் யோசித்தால், அங்கே ‘நெவர்’ போட்ட பிறகு ‘நாட்’ போடக்கூடாது என்று சின்னனிலேயே அடித்துச் சொல்லித்தந்த பயத்தில், ‘நோ’வை வெட்டிவிட்டு ‘தோமோ நுன்கா எல் த்ரென்’ என்று எழுதுவினம். அதுவும் பிழை. சிங்களமும் இந்த விஷயத்தில் தமிழ்ப் பக்கம்தான்: ‘கவதாவத்’ சொன்னாலும் கடைசியில் ‘நே’ வந்தே தீரும்.

அதனால் என்னுடைய யோசனை: முதல் இரண்டு மாதமும் ‘நோ + வினை + நுன்கா’ என்ற ஒரே அச்சையே பாவியுங்கோ. தமிழ் மனசுக்கு அதுதான் கிட்ட. ‘நுன்கா + வினை’ பிறகு தானாக வரும்.

#4 கொட்டாஞ்சேனை_இலக்கணம்

அதில் பாதிதான் ஒத்துக்கொள்வேன். எழுதும்போது சரி. பேசும்போது ‘நுன்கா’ முன்னால் வருவதே மிக மிக வழக்கம். காதுக்குப் பழகாவிட்டால் கேட்கும் பரீட்சையில் ‘நோ’ எங்கே என்று தேடிக்கொண்டே இருப்பீங்க, அடுத்த வாக்கியம் போய்விடும். இரண்டையும் சேர்த்தே பழகுங்க: ஒரு வாக்கியத்தை எழுதி, உடனே அடுத்த வடிவத்துக்கு மாற்றிச் சொல்லுங்க.

மாற்றும்போது இரண்டு இடத்தில் பிசகும்.

ஒன்று, லோ, லா, மே, தே, சே போன்ற சின்னச் சொற்கள் வினையை விட்டு அசையாது. ‘நோ லோ கோமோ நுன்கா’ (அதை ஒருநாளும் சாப்பிடமாட்டேன்) மாறினால் ‘நுன்கா லோ கோமோ’. ‘லோ நுன்கா கோமோ’ என்று நடுவில் செருகக்கூடாது.

மற்றது, ஏ, ஆஸ், ஆ, எமோஸ் என்று வரும் துணைவினைக்கும் கோமீதோ, வீஸ்தோ போன்ற எச்சத்துக்கும் நடுவில் ஒரு சொல்லும் நுழைய முடியாது. ‘ஒருநாளும் சாப்பிட்டதில்லை’ என்பதற்கு ‘ஏ நுன்கா கோமீதோ’ பிழை. ஆங்கிலத்தில் அந்த இடத்தில்தான் ‘நெவர்’ இருக்கும், அதனால் ஆங்கிலவழி படித்தவர்கள் எல்லாரும் இதில் சறுக்குவார்கள். ‘நுன்கா ஏ கோமீதோ’, ‘நோ ஏ கோமீதோ நுன்கா’ இரண்டும் சரி.

#5 பம்பலப்பிட்டி_மழை

நன்றி அண்ணா, இப்ப விளங்குது. ‘சியெம்ப்ரே நோ’ பற்றி ஒருத்தரும் சொல்லேல்லையே?

#6 தெகிவளை_அலை

அதை நான் சொல்றேன். தமிழில் ‘எப்பவும் வாறேல்லை’ என்றால் இரண்டு பொருள் வரலாம்: ‘வாறதே இல்லை’, அல்லது ‘சில நாள் வாறார், சில நாள் இல்லை’. சொல்கிற தொனியை வைத்துப் பிரித்துக்கொள்வோம். ஸ்பானிஷில் தொனியை நம்ப வேண்டாம், இரண்டுக்கும் தனித்தனி ஆட்கள் இருக்கினம்.

வாறதே இல்லை: நுன்கா வியேனே.
எல்லா நேரமும் என்றில்லை: நோ சியெம்ப்ரே வியேனே.

‘நோ’ சியெம்ப்ரேக்கு முன்னால் நிற்க வேண்டும், அப்போதுதான் அது ‘எப்பவும்’ என்பதை மறுக்கும். ‘ஒவ்வொரு நாளும்’ என்பதும் இதே மாதிரி. ‘நோ கோமோ அர்ரோஸ் தோதோஸ் லோஸ் தீயாஸ்’ என்றால் சோறு தினமும் இல்லை, சில நாள் உண்டு. சோறே தொடுவதில்லை என்று சொல்ல வந்தவர் இதைச் சொன்னால் மத்தியானம் ஒரு பெரிய கோப்பை சோறு வந்து நிற்கும்.

‘ஆ வேசேஸ்’ (சிலவேளை) நேர்மாறு, அது ‘நோ’வுக்கு முன்னால்தான் வரும்: ஆ வேசேஸ் நோ தேசயூனோ, ‘சிலநாள் காலைச் சாப்பாடு இல்லை’. ‘நோ ஆ வேசேஸ்’ என்று திருப்பவேண்டாம்.

#7 வத்தளை_சோளம்

மெக்சிகோக்காரரோடு கதைக்கிற ஆட்களுக்கு ஒரு எச்சரிக்கை. அங்கே ‘சியெம்ப்ரே நோ’ என்று ஒன்று உண்மையாகவே இருக்கு, ஆனால் ‘எப்பவும் இல்லை’ என்று பொருள் இல்லை. ‘சியெம்ப்ரே நோ வோய்’ என்றால் ‘போறதாத்தான் இருந்தது, கடைசியில் போகேல்லை’. முடிவை மாற்றிவிட்டார் என்று அர்த்தம். ‘சியெம்ப்ரே சீ’ என்றால் ‘சரி, கடைசியில் வாறேன்’. வாட்ஸ்அப்பில் ‘சியெம்ப்ரே நோ’ என்று மட்டும் வந்தால் அன்றைய சந்திப்பு ரத்து. ஸ்பெயினில் இந்தப் பொருளில் சொன்னால் முழிப்பினம்.

#8 காலி_வீதி_100

‘காசி நுன்கா’வையும் சேர்த்துக்கொள்ளுங்கோ. ‘கிட்டத்தட்ட ஒருநாளும் இல்லை’. இடவிதி நுன்காவுக்கு உள்ளதுதான்: காசி நுன்கா கோமோ கார்னே / நோ கோமோ கார்னே காசி நுன்கா (இறைச்சி சாப்பிடுவதே குறைவு). ஆனால் ‘காசி நோ கோமோ’ வேறு கதை. அது எத்தனை தரம் என்பதை அல்ல, எவ்வளவு என்பதைச் சொல்லும்: ‘சாப்பாடே உள்ளே போகுதில்லை’. வைத்தியரிடம் சொல்லும்போது இந்த வித்தியாசம் பெரிசு.

#9 கொட்டாஞ்சேனை_இலக்கணம்

இப்போது ‘ராரா வேஸ்’ (அரிதாக). பொருளில் இது காசி நுன்காவுக்குக் கிட்ட வருகிறது, அதனால் ‘நோ’வும் கேட்கும் என்று பலர் நினைக்கிறார்கள். கேட்காது. வினைக்கு முன்னாலும் பின்னாலும் ‘நோ’ இல்லாமலே நிற்கும்: ராரா வேஸ் கோமோ ஃபுவேரா / கோமோ ஃபுவேரா ராரா வேஸ் (வெளியில் சாப்பிடுவது அரிது). ‘போக்காஸ் வேசேஸ்’ (சில தரம்தான்) அப்படியே.

இதில் ‘நோ’ சேர்த்தால் பிழையோடு நில்லாமல் பொருளே தலைகீழாகும். ‘நோ போக்காஸ் வேசேஸ் யேகா தார்தே’ என்பதன் பொருள் ‘பிந்தி வருவது கொஞ்ச நஞ்சம் அல்ல’, அதாவது அடிக்கடி பிந்துகிறார். நம்முடைய ‘கொஞ்ச நஞ்சமல்ல’ வேலை செய்வதும் இதே முறையில்தான். பத்திரிகைகளில் நிறைய வரும், வாசிப்புப் பரீட்சையில் பொறியாக வைப்பதற்கு நல்ல சாமான்.

‘அப்பேனாஸ்’ நடுத்தரம். அப்பேனாஸ் துவேர்மோ, ‘நித்திரை என்று சொல்ல ஒன்றுமில்லை’. முன்னால் வந்தால் ‘நோ’ இல்லை. ஸ்பெயினில் ‘நோ துவேர்மோ அப்பேனாஸ்’ என்றும் சொல்வார்கள். மெக்சிகோவில் அப்பேனாஸ் ‘இப்பதான்’ என்ற பொருளிலும் ஓடும், சோளம் அண்ணா சொல்லட்டும்.

#10 வத்தளை_சோளம்

ஓம். ‘அப்பேனாஸ் யேகோ’ என்றால் அங்கே ‘இப்பதான் வந்தார்’. அவ்வளவுதான்.

#11 தெகிவளை_அலை

இன்னொரு சோடி: ‘யா நோ’வும் ‘தொதவீயா நோ’வும். இது எத்தனை தரம் என்பது இல்லை, ஆனால் நுன்காவோடு சேர்ந்தே குழம்பும்.

யா நோ ஃபூமோ: முந்திப் புகைத்தேன், இப்ப விட்டுட்டேன்.
தொதவீயா நோ ஏ கோமீதோ: இன்னும் சாப்பிடேல்லை, ஆனால் சாப்பிடுவேன்.

‘யா’ தனியாக ‘ஏற்கெனவே’ என்பதால் ‘யா நோ’வைப் பார்த்து ‘இன்னும் இல்லை’ என்று எடுத்துவிடுவினம். தொதவீயாவுக்குப் பதிலாக ‘ஆஊன்’ போடலாம். எழுதும்போது ‘ஊ’ உயிரெழுத்தின் மேல் அழுத்தக்குறி கட்டாயம். குறி இருந்தால் ‘இன்னும்’, இல்லாவிட்டால் ‘கூட’ என்று வேறு சொல்.

‘இனி ஒருநாளும் இல்லை’ என்பதற்கு ‘நுன்கா மாஸ்’. 2002 நவம்பரில் பிரெஸ்டீஜ் என்ற எண்ணெய்க் கப்பல் ஸ்பெயினின் கலீசியாக் கரைக்கு அப்பால் மூழ்கியபோது மக்கள் எழுப்பிய கோஷம் ‘நுன்கா மைஸ்’. அது கலீசிய மொழி, ஸ்பானிஷில் ‘மாஸ்’. 2021 இல் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்த பிறகு நம் கரையில் பிளாஸ்டிக் மணி பொறுக்கினவர்களுக்கு அந்தச் சொல் மறக்காது. கரீபியன் பக்கம் ‘மாஸ் நுன்கா’ என்று மாற்றிச் சொல்வது சாதாரணம். பிழை என்று திருத்தப் போகாதீங்க.

#12 மருதானை_சந்தி

கேள்விக்குப் பதில் சொல்லும் இடத்தை எல்லாரும் விட்டுட்டீங்க. ‘நுன்கா ஆஸ் இதோ ஆ காந்தி?’ (நீங்க கண்டிக்கு ஒருநாளும் போனதில்லையா?). தமிழில் ‘ஓம், போனதில்லை’ என்று சொல்லலாம், கேட்டவரின் எண்ணத்துக்கு உடன்படுகிறோம். ஸ்பானிஷில் ‘சீ’ என்று தொடங்கினால் போயிருக்கிறீங்க என்றுதான் எடுப்பினம். போகாவிட்டால் ‘நோ, நுன்கா’. போயிருந்தால் ‘சீ, ஊனா வேஸ்’.

அதே மாதிரி, கேள்வியில் ‘அல்குனா வேஸ்’ (எப்பவாவது) வரும்: ஆஸ் இதோ அல்குனா வேஸ்? பதிலில் அதை அப்படியே எடுத்து ‘நோ ஏ இதோ அல்குனா வேஸ்’ என்று சொல்லக்கூடாது, எதிர்மறையில் அது நுன்கா ஆகிவிடும். ஒரே ஒரு தரம்கூட இல்லை என்று அழுத்திச் சொல்ல ‘நி ஊனா சோலா வேஸ்’ இருக்கு: நோ ஏ ஃபல்தாதோ நி ஊனா சோலா வேஸ், ஒரு நாள்கூட லீவு போடேல்லை.

‘நானும் போனதில்லை’ என்றால் ‘யோ தம்போக்கோ’. நம்முடைய ‘-உம்’ எதிர்மறையிலும் மாறாது, ஸ்பானிஷில் மாறும். ‘யோ தம்பியேன் நோ’ என்று மொழிபெயர்த்துக் கொண்டிருக்க வேண்டாம்.

#13 காலி_வீதி_100

கொத்து சாப்பிடும்போது சொல்கிற வசனம் ஒன்று. முதல் வாய் வைத்துக்கொண்டு ‘நான் இதுக்கு முதல் கொத்து சாப்பிட்டதில்லை’ என்று சொல்ல வேண்டுமென்றால் ‘நுன்கா அவீயா கோமீதோ கொத்து’. ‘நுன்கா ஏ கோமீதோ கொத்து’ என்றால் இந்த நிமிஷம் வரைக்கும் சாப்பிட்டதில்லை. வாயில் கொத்தை வைத்துக்கொண்டு அப்படிச் சொன்னால் முன்னால் இருப்பவர் உங்கள் தட்டைத்தான் பார்ப்பார். ஆர்ஜென்டினாவில் ‘நுன்கா கோமீ’ என்று எளிய இறந்தகாலம் போட்டாலும் ‘சாப்பிட்டதே இல்லை’ என்ற பொருள் வரும்.

#14 புறக்கோட்டை_புத்தகம்

ஒரு மறுப்பு. #2 இல் சொன்ன விதிப்படி வினைக்குப் பின்னால் நுன்கா வந்தால் முன்னால் ‘நோ’ கட்டாயம். அப்படியென்றால் ‘லா மெஹோர் பெலீகுலா கே ஏ வீஸ்தோ நுன்கா’ (நான் இதுவரை பார்த்ததிலேயே திறமான படம்) எப்படிச் சரி? ‘நோ’ இல்லையே.

#15 கொட்டாஞ்சேனை_இலக்கணம்

நல்ல கேள்வி. அங்கே நுன்கா எதிர்மறை இல்லை, ‘எப்போதாவது, இதுவரை’ என்ற பொருள். ஒப்பீட்டுக்குள்ளும், ‘எல்லாவற்றிலும் திறமான’ என்று உச்சத்தைச் சொல்லும் இடத்திலும் அது அப்படி மாறும். ‘மாஸ் கே நுன்கா’ (முன் எப்போதையும்விட), ‘மெஹோர் கே நுன்கா’ (முன் எப்போதையும்விடத் திறமாக) எல்லாம் இதே வகை. ‘சின்’ (இல்லாமல்) என்பதற்குப் பின்னும் ‘நோ’ கேட்காது, ஏனென்றால் சின்னே எதிர்மறை: சின் அவேர் இதோ நுன்கா, ‘ஒருநாளும் போகாமலே’.

‘ஹமாஸ்’ நுன்காவைவிடக் காரம் கூடியது, இடவிதி ஒன்றுதான். ‘நுன்கா ஹமாஸ்’ என்று இரண்டையும் அடுக்கினால் இன்னும் காரம். ஆனால் ‘போர் சியெம்ப்ரே ஹமாஸ்’ என்றால் ‘என்றென்றும்’, எதிர்மறையே இல்லை.

‘என் மி வீதா’ இதற்கு நேர் எதிர்க் கூத்து. பார்த்தால் வெறும் ‘என் வாழ்க்கையில்’, ஆனால் வினைக்கு முன்னால் வந்தால் ‘நோ’ இல்லாமலே எதிர்மறை: என் மி வீதா ஏ வீஸ்தோ தல் கோசா, ‘பிறந்த நாளிலிருந்து இப்படியொன்றைக் கண்டதில்லை’.

#16 புறக்கோட்டை_புத்தகம்

ஒப்பீடு என்றாலே நேர்மறை என்று எழுதிவைக்காதீங்க அண்ணா. ‘மாஸ் வாலே தார்தே கே நுன்கா’ என்ற பழமொழியில் ஒப்பீடு இருக்கிறது, ஆனால் நுன்கா சுத்த எதிர்மறை: வராமலே விடுவதைவிடப் பிந்தி வருவது மேல்.

#17 கொட்டாஞ்சேனை_இலக்கணம்

சரி, அந்தத் திருத்தம் தேவைதான். பழமொழியில் ‘பிந்தி’யையும் ‘ஒருநாளும் இல்லை’யையும் எதிரெதிராக நிறுத்துகிறார்கள். ‘மாஸ் கே நுன்கா’வில் இப்போதைய அளவைப் பழைய எல்லா நேரத்தோடும் ஒப்பிடுகிறார்கள். முன்னது தெரிவு, பின்னது அளவு.

#18 மருதானை_சந்தி

உச்சரிப்பையும் ஒருக்கா பாருங்கோ. தமிழ் நாக்கு மூக்கெழுத்துக்குப் பின்னால் வல்லினத்தைத் தானாக மெலிதாக்கும்: சங்கு, பம்பரம். அந்தப் பழக்கத்தில் நுன்கா ‘நுங்கு’வில் வரும் ஒலியோடு வந்துவிடும். ‘கப்பல்’ இல் உள்ள ‘க’ வேண்டும், மூச்சு விடாமல். தம்போக்கோ, சியெம்ப்ரே இரண்டிலும் ‘ப’ ‘பம்பரம்’ நடுவில் உள்ளதுபோல் ஆகக்கூடாது, ‘பல்’ இல் உள்ளதுபோல். மற்றப்பக்கம், தொதவீயாவின் நடுத் ‘த’ ‘அது’வில் வருகிற மென்மைதான், அது எங்களுக்குச் சும்மா வரும். ‘வீ’யில் அழுத்தம்.

#19 பம்பலப்பிட்டி_மழை

எல்லாத்தையும் வைத்து ஆறு வசனம் எழுதிப் பார்த்தேன். யாராவது திருத்துங்கோ.

1. லோஸ் தீயாஸ் தே போயா நுன்கா நோ சே வேந்தே அல்கோல். (போயா தினத்தில் ஒருநாளும் மதுபானம் விற்பதில்லை)
2. ஏ நுன்கா கோமீதோ கொத்து. (சாப்பிட்டுக்கொண்டே சொல்றது)
3. என் ஃபெப்ரேரோ நோ ராரா வேஸ் யுவேவே. (பெப்ரவரியில் அரிதாகத்தான் மழை)
4. மி எர்மானோ யா நோ ஆ யேகாதோ. (அண்ணா இன்னும் வரேல்லை)
5. நுன்கா யேகா தார்தே! (ஒருநாளும் பிந்தி வராதே!)
6. யோ தம்போக்கோ ஏ இதோ நுன்கா ஆ சிகிரியா. (நானும் சிகிரியாவுக்குப் போனதே இல்லை)

#20 தெகிவளை_அலை

1: ‘நோ’வை எடுங்க, ‘நுன்கா சே வேந்தே’. அல்லது ‘நோ சே வேந்தே நுன்கா’. சட்டம் என்பதால் வெறும் ‘நோ சே வேந்தே அல்கோல்’ என்றாலே போதும், நுன்கா கொஞ்சம் மிகை.

2: நுன்கா அவீயா கோமீதோ கொத்து.

3: ‘நோ’ போனால் சரி. இப்ப இருக்கிறபடி வாசித்தால் பெப்ரவரியில் மழை அரிதல்ல என்றாகுது, கொழும்பு வானிலையையே மாற்றிட்டீங்க.

4: தொதவீயா நோ ஆ யேகாதோ. ‘அண்ணா’ என்று குறிப்பாகச் சொல்ல ‘எர்மானோ மயோர்’.

5: இது கட்டளை இல்லை, ‘அவர் ஒருநாளும் பிந்தி வாறதில்லை’ என்ற பாராட்டு. எதிர்மறைக் கட்டளைக்கு வினை வடிவம் மாற வேண்டும்: நுன்கா யேகேஸ் தார்தே, அல்லது நோ யேகேஸ் நுன்கா தார்தே. மரியாதையாக என்றால் ‘யேகே’. எழுத்தில் அந்த ‘கே’ ஒலிக்காக நடுவில் ‘ஊ’ எழுத்து ஒன்று கூட வரும், விட்டால் ஒலி ‘ஹே’ ஆகிவிடும்.

6: சரி. தம்போக்கோ முன்னால் வந்ததால் ‘நோ’ இல்லை, நுன்கா பின்னால் வந்தும் பிழையில்லை. இதில் கைவைக்க வேண்டாம்.